யோகம் அக்கா கொடுத்த வெட்டுக்கிளி

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது என் மகள் ஷாலினிதான் முதலில் ஓடினாள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவது யோகம் அக்காவின் அழைப்பு மட்டும்தான். நடக்க முடிந்தவரை, மருத்துவமனையில் வார்டுக்கு வெளியே இருக்கும் நாணயத் தொலைபேசிவரை வந்து அவரே பேசினார். முடியாமல் போன பிறகு அவருடைய அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து அவருக்காகப் பேசுவார். எப்போதும் ஒரே கேள்விதான்: "யோகம் கேக்கச் சொன்னவ. பூச்சி உரிச்சிட்டுதோ?"

அன்று அண்ணன் பூச்சியைக் கேட்கவில்லை. "பிள்ளை, யோகம் விடியக்காலமை போயிட்டாள்" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் ஷாலினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யோகம் ஆன்டியா? பூச்சியக் கேட்டாங்களா மா?"

"ஆமா."

"இன்னும் இல்லன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

அவளுக்கு ஐந்து வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், கூட வேலை பார்த்த நீரும் எழுத வேணும் என்று அண்ணன் கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான்தான் கடைசி. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமைப் பொய் குறுக்கே வந்து நின்றது. அந்தப் பொய் முடிந்த பிறகுதான் இதை எழுத முடிகிறது.

சிவயோகம் என்ற பெயரை உங்களில் பலர் தகனத்தன்றுதான் முழுதாகக் கேட்டிருப்பீர்கள். மாணவர்களுக்கு அவர் மிஸ் யோகம். கிள்ளானில் எங்கள் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் வந்து போவார், கிள்ளானுக்கு மாறி வந்துவிடுங்களேன் என்றால், "பிறகு பஸ்ஸில ஆர் தூங்குறது?" என்பார். நான் அதே பள்ளியில் மலாயும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டியிருந்தன. என் மேசையில் கட்டுரை ஏடுகள் இருக்கும். அவர் மேசையில் எதுவாவது உயிரோடு இருக்கும். பெரும்பாலும் வெட்டுக்கிளி.

ஷாலினிக்கு இரண்டு வயதிலிருந்தே இழுப்பு. புல், தூசி, மழை, ஐஸ் என்று எதைக் கண்டாலும் நான் அவளை இழுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவேன். ஒரு விளையாட்டுப் போட்டி நாளில் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போயிருந்தேன். திடலில் லாலாங் புல்லை அன்றுதான் வெட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு ஏறிவிட்டது. மருந்தை அடித்துவிட்டு நான் அவளைக் குலுக்குகிறேன், முதுகைத் தேய்க்கிறேன், விசிறுகிறேன், அழுகிறேன். யோகம் அக்கா வந்து பக்கத்தில் குந்தினார்.

"நீர் கொஞ்சம் கையை எடும். மருந்து வேலை செய்யட்டும்" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்து ஷாலினியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இஞ்ச பாருங்கோ குஞ்சு. இதுக்கு மூக்கே இல்லை. பக்கவாட்டில சின்னச் சின்ன ஓட்டை. அதாலதான் மூச்சு விடும். வயிறு ஏறி இறங்குது பாருங்கோ."

ஷாலினி பார்த்தாள். அதன் வயிற்றோடு சேர்ந்து அவளுடைய மூச்சும் மெல்ல இறங்கியது. மருந்துதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் பேச முடிந்தவுடன் சொன்ன முதல் வார்த்தை இது: "ஆன்டி, எனக்கும் சைட்ல ஓட்டை போட்டு விடுங்க."

யோகம் அக்கா சிரிக்கவில்லை. "ஓம், எனக்கும் அப்பிடித்தான் தோணும்" என்றார்.

பிள்ளைக்கு ஏதாவது என்றால் என் வயிறு பிசையும் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். அதை அவர் விடவே இல்லை. வெட்டுக்கிளிக்குக் காது தலையில் கிடையாதாம், வயிற்றின் தொடக்கத்தில் இருக்கிறதாம். "உமக்கும் அங்கதான்" என்பார். பள்ளிக்கு அழைத்துப் போன நாட்களில் ஷாலினி பக்கத்து அறையில் லேசாக இருமினால்கூட நான் எழுந்துவிடுவதைப் பார்த்து, "பாருங்கோ, வயித்தால கேட்டுப் போட்டா" என்று ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கச் சொல்லுவார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் கூட்டத்துக்கு வருபவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். உணவுக்கடை மாடியில், கீழேயிருந்து தாளிக்கும் வாசம் ஏறிவர, உயிரியல் ஆசிரியர் ஒருவர் 'இலக்கியத்தில் வெட்டுக்கிளி' என்று பேச வந்தார். இலக்கியம் திரட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. நான் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் வசைதான். பைபிளின் பழைய கதைகளில் அது வானத்தை மறைத்து வரும் படை, கடவுளின் கோபம். நீதிக்கதையில் கோடை முழுக்கப் பாடிவிட்டுக் குளிர்காலத்தில் எறும்பிடம் கையேந்தும் சோம்பேறி. மேற்கே ஒரு கதையில், சாகா வரம் வாங்கி இளமையைக் கேட்க மறந்த ஒருவன் சுருங்கிச் சுருங்கி வெட்டுக்கிளியாகிவிடுகிறான். அதே மேற்கில் ஒரு பழைய நகரத்து மக்கள் மட்டும் பொன்னில் வெட்டுக்கிளி செய்து கூந்தலில் செருகிக்கொண்டார்களாம், 'நாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை, இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள்' என்று காட்டுவதற்காக.

யோகம் அக்கா கடைசியிலிருந்து தொடங்கினார். "எங்களை எந்த ஊர் எண்டு கேக்கிற ஆக்களுக்குக் காட்ட நாங்களும் ஆளுக்கொண்டு செய்து குத்துவமே?" கூட்டம் சிரித்தது. சாகா வரம் வாங்கியவனுக்கு, "பாவம், எத்தனை சட்டைதான் உரிக்கிறது" என்று இரங்கினார். பிறகு எறும்புக்கு வந்தார்.

"வளர்ந்த வெட்டுக்கிளிக்கு அடுத்த வருசம் எண்டு ஒண்டு கிடையாது. பனி வந்தா அது சாகும். சேர்த்து வச்சாலும் சாகும். பிறகு எதுக்குச் சேர்க்கிறது? அது சேர்த்தது மண்ணுக்குள்ள முட்டையா இருக்கு. கதை எழுதினவர் மண்ணைத் தோண்டிப் பாக்கேல்லை."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "மிஸ், நம்ம ஊர்ல பனியே இல்லையே. அப்ப எறும்பு எதுக்கு லா இப்படி ஓடுது?"

"அதை எறும்பிட்டக் கேளுங்கோ அண்ணே. அதுக்கு நிண்டு பதில் சொல்ல நேரமிருந்தா."

முடிக்கும்போது அவர் சொன்னதை நான் குறித்து வைக்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. "மனுசருக்கு ஒரு பூச்சியைக் கண்டவுடன ஒரு பாடம் வேணும். கொஞ்ச நேரம் பாடம் இல்லாமல் பாருங்கோவன்."

அந்த வருடம் ஷாலினிக்குக் காதுகுத்து வைத்தோம். முதல்நாள் மாலையே யோகம் அக்கா குருத்தோலைக் கட்டோடு கிள்ளான் வந்துவிட்டார். தோரணத்துக்கு எல்லாரும் பின்னும் குருவிகளை அவர் பின்னவில்லை. சிறுவயதில் பக்கத்துக் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளிடம் கற்ற வெட்டுக்கிளிகளை, கொம்பும் காலுமாகப் பின்னினார். ஷாலினி ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியில் அடுக்கினாள். நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் மாமியாரின் குரல் வெடித்தது.

"யாரு கட்டுனா இத? சாவு வீடா இது?"

ஓடிவந்து பார்த்தேன். வாசல் முழுக்க வெட்டுக்கிளிகள் தலைகீழாகத் தொங்கின. எங்கள் பக்கத்தில் மங்கல வீட்டுத் தோரணத்தில் குருவிகளின் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கவிழ்ந்த தலை இழவு வீட்டுக்கு உரியது. அந்த வழக்கம் யோகம் அக்காவுக்குத் தெரியாதது அல்ல. அவர் நினைத்தது, அது குருவிக்கான சட்டம் என்று. நாற்காலிமேல் நின்றபடியே விளக்கினார்.

"அம்மா, இது வெட்டுக்கிளி. கடைசித் தோலை உரிக்கேக்க இது தலைகீழாத்தான் தொங்கும். அப்பதான் இறக்கை வெளிய வரும். பிள்ளைக்கு நல்லதுக்கு எண்டுதானே…"

"றெக்க மொளைக்கட்டும் டீச்சர். மொளைச்சி வேற வீட்டுக்குப் போவட்டும். மொதல்ல எறக்குங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. யோகம் அக்காவோ விழுந்து விழுந்து சிரித்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்து நிமிர்த்திக் கட்டினார். "நிமிர்த்தி விடுறன் அம்மா. ஆனா இதுகளுக்கு இனி இறக்கை வராது, சொல்லிப்போட்டன்." மாமியாரும் கடைசியில் சிரித்துவிட்டார், ஆனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கடைசி முடிச்சுவரை மேற்பார்வை பார்த்தார்.

திங்கட்கிழமை இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொன்னபோது, 'சிக்கு' என்று நாங்கள் அழைக்கும் மலாய் ஆசிரியை ரொகாயா, "லாயின் பாடாங், லாயின் பெலாலாங்" என்றார். திடலுக்குத் திடல் வெட்டுக்கிளி வேறு என்ற மலாய்ப் பழமொழி. யோகம் அக்கா உடனே, "திடல் ஒண்டுதான் சிக்கு. இந்த வெட்டுக்கிளிக்குக் கொஞ்சம் வாய் கூட" என்று தன்னையே காட்டினார்.

ஒரே ஒரு ஓலை வெட்டுக்கிளியை மட்டும் ஷாலினி தன் கட்டில் கம்பியில் தலைகீழாகக் கட்டி வைத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து அவளுக்கு இழுப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது மாமியார் அதைக் கண்டுபிடித்தார். கழற்றி வெளியே போட்டார். படித்தவள்தானே நான், அவரைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது எந்தப் படிப்பும் எந்தத் தலைகீழையும் தாங்காது.

யோகம் அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதான் செய்தவ" என்றார். "அவவுக்குக் கழட்டிப் போட ஒண்டு இருந்துது. உமக்கு அதுவும் இல்லை."

பிறகு அவருக்கே உடம்பு முடியவில்லை. களைப்பு என்றார்கள், இரத்தம் குறைவு என்றார்கள், கடைசியில் இரத்தத்திலேயே நோய் என்றார்கள். மருத்துவமனையில் சேரும் முன்பு ஒரு மதியம் கிள்ளானுக்கு வந்து, மளிகைக் கடையில் வாங்கிய பெரிய மிட்டாய்ப் போத்தல் ஒன்றை ஷாலினியிடம் கொடுத்தார். உள்ளே ஒரு குச்சி, மரவள்ளி இலை, இறக்கை முளைக்காத ஒரு பச்சை வெட்டுக்கிளிக் குஞ்சு. வாயில் கொசுவலைத் துணி.

"அம்மா உங்களைப் புல்லுக்கு விடமாட்டா. அதுதான் புல்லு உங்களிட்ட வந்திருக்கு" என்றார். "இது நாலைஞ்சு சட்டை மாத்தி வந்திட்டுது. கடைசிச் சட்டை மட்டும் மிச்சம். தலைகீழாத் தொங்கினால் எனக்குப் போன் பண்ண வேணும். சரியோ?"

"நீங்க வருவீங்களா?"

"ஏலுமெண்டா வருவன். ஆனா ஒண்டு. அது உரிக்கேக்க தொடக் கூடாது. கஷ்டப்படுற மாதிரி இருக்கும். உதவி செய்யிறன் எண்டு இழுத்தால் இறக்கை மடங்கிப்போகும், பிறகு அது பறக்கவே மாட்டாது. அதால…" அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்காட்டினார். "இப்பிடி நிண்டு பாக்க வேணும்."

ஷாலினியும் கட்டினாள். இருவரும் போத்தலுக்கு முன்னால் ஆய்வாளர்களைப் போல நின்றார்கள்.

வார்டில் சிறுபிள்ளைகளை விடமாட்டார்கள். நான் மட்டும் போவேன். போகும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டு போனேன்: சூப், பழச்சாறு, பத்துமலைத் திருநீறு, மாமியார் கட்டிக்கொடுத்த கயிறு. எதுவும் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. கடைசியாகப் போன அன்று அவருடைய கால் குளிர்ந்திருந்தது. தேய்த்தேன். போர்வையை இழுத்தேன், தலையணையைத் திருப்பினேன், தண்ணீர் வேண்டுமா என்றேன், விளக்கு கண்ணைக் கூசுகிறதா என்றேன். அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"கையைப் பின்னால கட்டும்" என்றார்.

கட்டிக்கொண்டேன். பார்வை நேரம் முடியும்வரை அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான எதையும் நான் செய்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் தகனத்தன்று தோரணம் கட்டியிருந்தார்கள். குருவிகள், முறைப்படி, தலை கவிழ்ந்து. உள்ளே சடங்குக்குச் சுண்ணம் இடிக்கும் சத்தமும் தேவாரமும் கேட்டன. நான் வாசலைத் தாண்ட முடியாமல் அந்தக் குருவிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியாரும் என்னோடு வந்திருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு டீச்சர் கட்டுன மாதிரிதான் கட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஷாலினியிடம் சொல்லவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடினாள். "ஆன்டி ஏன் பூச்சியக் கேக்க மாட்டேங்கிறாங்க?" என்றாள். தூங்குகிறார் என்றேன், மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்றேன்.

பள்ளி முடிந்து வந்த ஒரு மதியம் அவள் கத்தினாள். "மா! தொங்குது!"

போத்தலுக்குள் குச்சியைப் பின்னங்கால்களால் பற்றி அது தலைகீழாகத் தொங்கியது. முதுகில் ஒரு கோடு பிளந்தது. உள்ளிருந்து வெளிறிய பச்சையில் ஒன்று வழுக்கி வரத் தொடங்கியது. தலை வந்தது, முன்கால்கள் வந்தன. ஒரு பின்னங்கால் மட்டும் பழைய தோலுக்குள் மாட்டிக்கொண்டது. அது உதறியது. நின்றது. மறுபடி உதறியது. வயிறு ஏறி இறங்கியது. எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து வலைத்துணியைப் பிரித்தேன்.

"மா! கை! கை பின்னால!"

ஐந்து வயதுக் குரலில் அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்ததோ. குச்சியைக் கீழே போட்டேன். இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். கால் தானாக வந்தது. நனைந்த துணிபோலக் கசங்கியிருந்த இறக்கைகள் மிக மெதுவாக விரிந்தன.

"போன் போடுங்க மா. ஆன்டிகிட்ட நான்தான் சொல்வேன்."

தொலைபேசிவரை நடந்தேன். ரிசீவரை எடுத்தேன். திரும்பவும் வைத்துவிட்டேன்.

"ஆன்டி இனிமே போன் எடுக்க மாட்டாங்க, ஷாலு. செத்துட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள். குச்சியில் வெறும் தோல் தொங்கியது, கண்ணின் வடிவம்கூட அப்படியே இருக்க. அதற்குப் பக்கத்தில் புதியது அசையாமல் இருந்தது.

"ஆன்டி உரிச்சிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் பூச்சியிடம் பாடம் கேட்காதே என்றவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "தெரியல" என்றேன்.

வெட்டுக்கிளியை மறுநாள் வீட்டுக்குப் பின்னால் லாலாங்கில் விட்டோம். இழுப்புக்குப் பயந்து நான் மாட்டிவிடும் முகக்கவசம் இல்லாமல், என் பக்கத்தில் நின்று, ஷாலினியே விட்டாள். அந்தத் தோல் ஒரு பிலிம் டப்பியில் பஞ்சின்மேல் இருக்கிறது. அண்ணன் வந்தால் கொடுப்பேன், அது அவர்கள் வீட்டுக்குச் சேர வேண்டியது. நான் வைத்துக்கொள்வது வேறொன்று.

வெட்டுக்கிளி உரித்த அன்று, 'தெரியல' என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. தகனத்தன்று வராத அழுகை. தொலைபேசிக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷாலினி என்னிடம் ஓடிவந்தாள். கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டியவள், ஏதோ நினைவு வந்ததுபோல நின்றாள். நீட்டிய கைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். நான் அழுது முடிக்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.